ஊரறிந்த அநாமதேயர்

அந்த ஓவியர் யாரென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. பெயரில்லை, முகமில்லை, ஊரில்லை. ஊர் அசந்த நேரத்தில் வந்து சுவரில் வரைந்துவிட்டு, விடிவதற்குள் போய்விடுவார். பெயர் வேண்டாம் என்ற அவருக்கு ஒரு மேனேஜர் இருந்தார். காசுக்காக வரையவில்லை என்ற அவருடைய படங்கள் பனியனாகவும் காபிக் கோப்பையாகவும் கைப்பேசி உறையாகவும் விற்றன. 'விற்பனைக்கு அல்ல' என்று எங்கோ ஒரு மேம்பாலத் தூணில் எழுதினாராம். பனியன்களில் அதுதான் அதிகம் போகிறது என்று சொன்னார்கள்.

உலகத்துக்குத் தெரியாது என்றேன். ஜவ்வாது மலைக்குத் தெரியும். இங்கே ஏறி வரும் பஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புதிதாக ஒருவர் காலைக் கீழே வைப்பதற்குள் அவர் எங்கே சாப்பிடுவார் என்பதுவரை பேசி முடித்திருப்பார்கள். அவருடைய பெயிண்ட் டப்பாக்களைத் திருப்பத்தூரில் தூக்கி ஏற்றியவர் கண்டக்டர். ஏணி கொடுத்தவர் டீக்கடைக்காரர். முகத்தை மறைக்க அவர் குரங்குக் குல்லா போட்டிருந்ததை இணையத்தில் பெரிய மர்மமாக எழுதினார்கள். மார்கழிப் பனியில் இங்கே கைக்குழந்தைகூட அதைத்தான் போட்டிருக்கும். அவர் மட்டும் அதற்குமேல் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். அதனால்தான் எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.

படம் முளைத்தது நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டில். ஜமுனாமரத்தூர் சாலையைப் பார்த்த மண்சுவர். வீட்டுக்காரர்கள் சாமைக் கதிர் அடிக்க மலைக்காட்டுக் கொல்லையிலேயே தங்கியிருந்த நாட்கள் அவை. திரும்பி வந்தபோது, சுவர் நிறைய ஒரு பெண் நின்றிருந்தாள். கறுப்பும் வெள்ளையுமாக, ஒட்டிய கன்னங்களோடு, தலையில் கதிர்க்கட்டுக்குப் பதிலாக ஒரு செல்போன் கோபுரத்தைச் சுமந்துகொண்டு. பனி விலகுகிறபோது அவள் மலையிலிருந்து இறங்கி வருவதுபோலத்தான் இருந்தது. அழகில்லை என்று என்னால் சொல்ல முடியாது. பொறாமைகூட வந்தது. வரி வரியாக எழுதி நான் தேடியதை இந்த மனிதர் ஒரு தெளிப்பானை அழுத்திப் பிடித்துவிட்டாரே என்று.

எதிர்வீட்டு அம்மாள் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைச் சேலை. மூளிக் காது. நெற்றியில் பொட்டில்லை.

தை பிறந்ததும் அவருடைய மகளுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வருகிறவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதலில் பார்க்கப்போவது இந்தச் சுவரைத்தான். தாலியறுத்த பெண் ஒருத்தி வாசலில் நின்று வரவேற்கிற வீட்டில் யார் தட்டு மாற்றுவார்கள்?

அதற்குள் மேனேஜர் காரில் வந்துவிட்டார். வெள்ளை ஷூ போட்ட இளைஞர். சுவரைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று அட்டை மாட்டினார். போளூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மாள் சொந்த வீட்டுக்குள் கயிற்றுக்குக் கீழே குனிந்து போய்வந்தார்.

என்னைக் கூப்பிட்டார். "நீங்க எழுதுறவரு. அவங்க பேச்சு ஒங்களுக்குப் புரியும். கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சாரு. நெத்தியில ஒரு பொட்டு வச்சா போதும். சேலைக்குக் கொஞ்சம் மஞ்சா. வேற ஒண்ணும் நான் கேக்கல."

கேட்டேன். மேனேஜர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இது வறுமையோட முகம். கலர் வந்தா அர்த்தமே போயிடும்."

"வறுமைன்னா பொட்டு வைக்கக் கூடாதா தம்பி? எங்க வூட்ல கூழுக்கு இல்லாதப்பவும் பொட்டு வச்சிக்கினுதான் இருந்தோம்."

பொங்கலுக்கு முன்னால் எப்படியும் எல்லா வீட்டுக்கும் செம்மண் பூசுவார்கள், இந்தச் சுவருக்கும் பூசிவிடுகிறேன் என்றார் அம்மாள். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடினார்.

பூச்சுக்கு மண் குழைத்த அன்று காரில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மேனேஜர். இன்னொருவருக்குக் குல்லாவும் கறுப்புக் கண்ணாடியும் இருந்தன. "இவர் ஒரு ரசிகர்" என்றார் மேனேஜர்.

டீக்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்தார். "வாங்க. ஏணி ஒசரம் பத்துச்சிங்களா அன்னிக்கு?"

"எந்த ஏணி?" என்றார் ரசிகர்.

"கறுப்பு பெயிண்டு சொட்டச் சொட்ட என் கடையில திருப்பி வச்சீங்களே, அதாங்க."

தெருவே வேறு பக்கம் பார்த்துச் சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை. மண் ஒழுகும் கையோடு ரசிகரின் எதிரில் வந்து நின்றார்.

"வரைஞ்சவரு வந்து, இது எம் படம், அழிக்காதன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். வுட்டுர்றேன். மாப்ள வூட்டுக்காரங்க வரும்போது கூட நின்னு, இது இந்த வூட்டு ஆளு இல்லீங்க, நான் போட்ட படம்னு அவங்ககிட்டயும் சொல்லட்டும். அது போதும் எனக்கு."

நியாயமான பேரம். கேட்டது நாலே சொல். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வாயால் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆனால் சொன்னால் மர்மம் போய்விடும். மர்மம் போனால் கோப்பையும் பனியனும் என்னாவது? அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கலைஞன் யாருங்கறது முக்கியமில்லைங்க" என்றார் கடைசியில்.

"அப்ப சரி" என்று அம்மாள் முதல் கை மண்ணைப் படத்தின் நெற்றியில் அறைந்தார்.

மண் நிற்கவில்லை. பிளாஸ்டிக் பெயிண்டில் ஈர மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. இரண்டாவது கையும் அப்படியே. கழுவிவிட்டதுபோல முகம் இன்னும் பளபளத்தது. மேனேஜருக்கு மூச்சு வந்தது. அம்மாளின் வீட்டுக்காரர் உள்ளே போய்க் களைக்கொத்தை எடுத்துவந்து சுவரைக் கொத்த ஆரம்பித்தார். கொத்திவிட்டால் எந்தச் சுவரும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கன்னம் போனது. கண்ணில் கொத்து இறங்கியபோது ரசிகர் ஓரடி முன்னால் வந்தார். வாய் திறந்தது. அந்த நொடியில் அவர் இந்த மலையில் ஒரு மனிதராகியிருக்கலாம். இருமினார். காரில் ஏறிக்கொண்டார். மேனேஜர் முழங்கால் போட்டு, உதிர்ந்த சில்லுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சில நாளில் இணையத்தில் செம்மண் காய்ந்த எங்கள் சுவரின் படம் வந்தது. படைப்பின் இறுதிக் கட்டம் இதுதானாம். அழிவும் ஓவியரின் திட்டமாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் சில்லுகள் விலைக்கு வந்து, வந்த வேகத்தில் தீர்ந்தும் போயின. அம்மாளிடம் வாசித்துக் காட்டினேன்.

"அவரு திட்டமா?" என்றார். "அப்ப மண்ணு மிதிக்க ஆளையும் அனுப்பியிருக்கலாமே."

தையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கூடவே வந்த கல்லூரிப் பெண், மாப்பிள்ளையின் தங்கை, இறங்கியதிலிருந்தே போனைத் தூக்கிப் பிடித்துத் தெருவின் இரண்டு பக்கமும் தேடினாள்.

"அத்த, இந்த ஊர்லதான செவுத்துல பெரிய படம் இருந்துச்சாம்? எந்த வூடு அது? ஒரு செல்ஃபி எடுக்கணும்."

நான் அம்மாளைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"அது வேற ஊரும்மா. நீ உள்ள வா, காப்பி ஆறுது."

மாப்பிள்ளையின் தாய் உள்ளே போகாமல் சுவரோரம் நின்றார். உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். மண் ஒட்டவில்லை. "பூச்சு நல்லா புடிச்சிருக்கு" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படி ஏறினார்.