பாய்லர் மாப்பிள்ளை நிறுத்திய மாத்திரை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒரு பக்கெட்டும் ஒரு பிரஷும் வைத்துத் தொடங்கி, இருபத்தெட்டுப் பேர் வேலை செய்யும் சலவைக்கூடத்தைக் கட்டியவன். மருத்துவமனை விரிப்பும் விடுதித் துண்டும் வண்டி வண்டியாக வருகின்றன. என்னைப் பற்றி எழுத வேண்டியதில்லை, கேட்டால் யாரும் சொல்வார்கள். என் பாய்லரை முப்பது வருடமாகப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை கணவரைப் பற்றித்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இருபத்து மூன்று வயதில் வேலை கேட்டு வந்தார். பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வைத்தது நான். தங்கையைக் கொடுத்ததும் நான். பேச்சு குறைவு. ஒரு நாள்கூட நீராவி இல்லாமல் என் இயந்திரங்கள் நின்றதில்லை. "அழுத்தம் காட்டுற முள்ளு அளவுக்கு வந்துட்டா நெருப்பை நிறுத்திடணும்" என்று முதல் நாள் சொன்னேன். அதை அவர் ஒருமுறைகூட மறக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் முகம் ஊதியது. குரல் கரகரத்தது. மற்றவர்கள் ஐந்து நிமிடம் நிற்க முடியாத பாய்லர் அறையில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்தார்.

"பாய்லர் அண்ணே, நீங்க அடுப்பைப் பாத்துக்கிறீங்களா, அடுப்பு உங்களைப் பாத்துக்குதா?" என்று துண்டு மடிக்கும் பெண்கள் கேட்பார்கள். அவருக்குச் சிரிப்பு வருவதற்குள் அவர்கள் அடுத்த கட்டுக்குப் போயிருப்பார்கள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு ஒரு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து அளவைச் சரிபார்க்க வேண்டும். நான்கு முறை ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து கை நீட்டினார். ஊசி குத்தும் பெண்ணுக்கு அவர் நரம்பு லேசில் அகப்படாது. நான்காவது தாளை நேரே என்னிடம் கொண்டுவந்தார்.

எழுத்து எனக்குக் கஷ்டம், எண் கஷ்டமில்லை. எது வரை இருக்கலாம் என்று தாளிலேயே போட்டிருந்தது. இவர் எண் அதற்குள் இருந்தது. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "மாப்பிள்ளை, அளவு வந்துடுச்சு. இனிமே என்னத்துக்கு மாத்திரை?"

"சரி மச்சான்" என்றார்.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம் பாய்லர் அறையில் அபாய மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓடினேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில், வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பர்னரை அணைத்தேன். தண்ணீரைத் திறந்துவிடவில்லை, காய்ந்த பாய்லரில் பச்சைத் தண்ணீர் விட்டால் கூரை மிஞ்சாது. என் இடத்தில் வேறொருவன் இருந்தால் தண்ணீரைத்தான் திறந்திருப்பான்.

அன்றே அவரைத் துண்டு மடிக்கும் மேசைக்கு மாற்றினேன். ஸ்வெட்டரோடு போய் நின்றார். பெண்களும் கிண்டல் செய்யவில்லை. அவர் ஒரு துண்டு மடிப்பதற்குள் பக்கத்தில் ஆறு மடிந்தன. பாய்லருக்கு வெளியாள் ஒருவரை வரச் சொல்லிவைத்தேன். அது தெரிந்துதான் தங்கை வந்தாள்.

"பிரிக்காத மாத்திரை அட்டை நாலு அலமாரியில கெடக்குது, அண்ணே. ஏன் போடலேன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கிறாரு."

அவரே மறந்திருப்பார் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். முடியவில்லை. "நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"நெனச்சேன். அந்த மனுஷன் இத்தனை வருஷத்துல தானா எதையாவது நிறுத்தியிருக்காரா?"

மூவரும் டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தத்தில் எண் எங்கோ ஏறிக் கிடந்தது.

"மாத்திரை போட்டதாலதான் அந்த அளவு வந்துச்சு. யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. "பாய்லர்ல மட்டம் சரியா இருக்குன்னு தண்ணி பம்பை நிறுத்துன மாதிரி மாத்திரையை நிறுத்திட்டேம்மா. நீராவி போயிக்கிட்டேதான் இருக்கும்னு தோணல."

"தோணாதது எனக்கு" என்றேன். என் வயதில் இப்படிச் சொல்வது லேசில்லை.

மறுபடி முதலிலிருந்து. விடிந்ததும் மாத்திரை, டீக்கு ஏங்கி ஒரு மணி நேரம், ஆறு வாரம், பெஞ்சு, ஊசி. முதல் முறை எண் பாதிதான் இறங்கியது. மாத்திரை அளவைக் கூட்டினார்கள். இன்னும் ஆறு வாரம். வெளியாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு பாய்லர் அறையில் நானே உட்கார்ந்தேன். எழுபத்தொரு வயதில் என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளையும் நானும் படியில் உட்கார்ந்திருப்போம். எழுந்து வீட்டுக்குப் போகத் தெம்பிருக்காது.

இரண்டாவது தாள் வந்த அன்று எண் அளவுக்குள் இருந்தது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். மடிக்கும் மேசைக்குப் போய் அவர் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டேன்.

"போங்க மாப்பிள்ளை, உங்க எடத்துக்கு."

நின்றார். "மச்சான், அப்போ மாத்திரை?"

பெண்கள் எல்லோரும் கை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது. டாக்டரம்மா உயிரு இருக்குற வரைக்கும்னு சொல்லியிருக்காங்க. அவங்களைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க."

தலையாட்டிவிட்டு மெதுவாக நடந்தார். கொஞ்ச நேரத்தில் பர்னர் பிடித்த சத்தம் கேட்டது. நான் அவர் விட்ட துண்டை மடிக்கப் பார்த்தேன்; ஓரம் சேரவில்லை.