மூடி இறுக்கமான போத்தல்

சீகிரியாவில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் காலிப் பியர் போத்தல்கள் பெட்டியோடு கம்பெனிக்கே திரும்பிப் போய்விடும். டின்களைப் பழைய இரும்புக்காரர் நசுக்கி அள்ளிக்கொண்டு போவார். திருகு மூடி போட்ட வைன் போத்தலை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அதனால் லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு நாலைந்து கொண்டுவருவேன்.

இன்று ஊருக்கு வரும் யட்டவத்த பஸ்ஸில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா. அவர் பையில் நான் கொடுத்த போத்தல் ஒன்று.

"என்னக்கா இதுல?"

"புல்லு மருந்து தம்பி, களை சாகடிக்கிறது. கடையில சில்லறையா ஊத்தி வாங்கிட்டு வர்றேன். பியர் போத்தல்னா தொறந்தா மூட முடியாது. இது திருகுனா ஒரு சொட்டு ஒழுகாது."

"மத்த போத்தல்லாம்?"

"புள்ளைங்க ஸ்கூலுக்குத் தண்ணி கொண்டு போறாங்க."

"மாறிப் போயிடாதாக்கா?"

"அதெப்படி மாறும்? இதுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கேன்ல!"

காட்டுவதற்காகப் போத்தலைத் தூக்கினார். கழுத்தில் நூல் இல்லை. பையின் அடியில் கிடந்தது. அக்கா சிரித்தபடியே எடுத்து மறுபடி கட்டினார்.

"அதத் தண்ணிப் போத்தலோட வைக்காதீங்கக்கா, வேற டப்பாவுல ஊத்துங்க" என்று இறங்கும்வரை கெஞ்சினேன். சரி என்றார், சிரிப்பு மாறாமல்.

இன்று கொண்டுவந்த நாலும் இன்னும் என் பையில்தான். யாருக்கு வேண்டும் என்று வழக்கம்போல நம் லயத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்கப் போவதில்லை. ஏற்கெனவே என்னிடம் வாங்கியவர்கள் மட்டும் சொல்லுங்கள்: உங்கள் போத்தலில் இப்போது என்ன இருக்கிறது?