கொசுவத்து ஊக்கு

தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு, நானும் வீட்டுக்காரரும் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். இறங்குகிற நேரத்தில் முன்சக்கரம் வெளியே வரவில்லை என்று மைக்கில் சொன்னார்கள். இங்கிலீஷும் ஹிந்தியும் எனக்கு அரைகுறை. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயரான இவர்தான் விளக்கினார்.

“சக்கரம் இல்லாமலே இறக்கப் போறாங்களாம். நின்னதும் கதவைத் திறந்து சறுக்குல இறங்கணும். காத்தடைச்ச சறுக்கு, குத்தினா போச்சு. செருப்பைக் கழட்டு. கூரா என்ன இருந்தாலும் எடுத்துடு.”

அஞ்சாங்கிளாசோடு நின்றவள் நான். யூனிஃபார்ம் போட்டவர்கள் எது சொன்னாலும் அப்படியே செய்துவிடுவேன். எங்கள் பெஹாலா பக்கத்து மினிபஸ் நெரிசலுக்குப் பயந்து என் புடவையில் எப்போதும் ஊக்கு நிறைய இருக்கும். தோளில், இடுப்பில், கொசுவத்தில். அவசரத்துக்கென்று வளையலில் கோத்தது, தாலிக்கொடியில் மாட்டினது. எல்லாவற்றையும் கழற்றி, வாந்தி எடுக்க வைத்திருக்கும் காகிதப் பையில் போட்டேன். கொசுவத்து ஊக்கில் மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. அதையும் கழற்றினேன்.

விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாரும் சாமி கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். சொல்லவே கூசுகிறது, உயிரைக் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்தில் வைத்துக்கொடுத்த வழவழா புடவை அது. இத்தனை பேர் முன்னால் அவிழாமல் இருக்கணும் என்றுதான் கேட்டேன்.

தலையைத் தொடைமேல் கவிழ்த்துக்கொண்டோம். தகரத்தை ரோட்டில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், கருகல் வாடை, பிறகு நின்றுவிட்டது. கதவருகே பணிப்பெண் தொண்டை கிழியக் கத்தினாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு குதிக்கணுமாம். எழுந்ததுமே கொசுவம் நழுவ ஆரம்பித்திருந்தது. என் ரெண்டு கையும் அதைப் பிடித்திருந்தன. நான் கதவில் நின்றுவிட்டேன். பின்னால் கூட்டம் நெருக்கியது.

“அடியே, விடுடி அதை!” என்றார் இவர்.

“மாட்டேன்.”

“தீப்பிடிக்கப் போகுதுடி!”

“பிடிக்கட்டும்.”

அப்படித்தான் சொன்னேன். என் பின்னால் குழந்தைகளும் இருந்தன.

அந்தப் பணிப்பெண் என் கைகளைப் பிரித்து முதுகில் தள்ளினாள். முந்தானை இவர் காலடியில் மாட்டியிருந்தது. நான் கீழே போனேன், புடவை மேலேயே நின்றுவிட்டது. ரவிக்கையும் பச்சை உள்பாவாடையுமாகத் தரையில் போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே இவர் புடவையைச் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தார். “லக்கேஜ் கூடாது!” என்று மேலிருந்து அந்தப் பெண் கத்த, “லக்கேஜ் இல்லம்மா, பொண்டாட்டி புடவை!” என்று இவர் தமிழிலேயே பதில் சொன்னார். தமிழ் தெரிந்த யாரோ அந்தக் களேபரத்திலும் சிரித்தார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

தள்ளிப் போய்ப் புல்லில் நின்று கட்டிக்கொண்டேன். ஊக்கு இல்லாமல் கொசுவம் நிற்கவேயில்லை. இவர் எனக்கு முதுகைக் காட்டி, ரெண்டு கையையும் விரித்து மறைப்பாக நின்றார்.

“கொசுவத்து ஊக்கையும் எடுன்னு உன்கிட்ட யாரு சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்க.”

அவர் கைகளை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தார்.

அந்த வாரமே கீழ்வீட்டு பெங்காலிப் பெண் போனோடு மேலே வந்தாள். நல்ல பெண், என்னைச் சித்தி முறை வைத்து மாஷிமா என்பாள், பூஜைக்குப் பூஜை எனக்குச் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து தருவாள். பால்கனிக் கதவருகே உட்கார்ந்து வீடியோவைக் காட்டினாள். சறுக்கில் ஒரு பச்சைப் பாவாடை இறங்கியது. நல்லவேளை, முகம் தெரியவில்லை.

“மாஷிமா, இது உங்க பிளேன்தானே? பாவம், இது யாரு?” என்று பெங்காலியில் கேட்டாள்.

“தெரியலையேம்மா. நான் வேற கதவுல இறங்கினேன்” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். பால்கனிக் கொடியில் அதே பச்சைப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன். அவள் போனை அணைத்தாள்.

“ஆமா மாஷிமா, வேற யாரோதான். டீ போடட்டுமா?” என்று என் சமையலறைக்குள்ளேயே போய்விட்டாள்.

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அவள் டீயோடு வருவதற்குள் எழுந்து போய், ஈரத்தோடு அந்தப் பாவாடையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் குளியலறைக்குள்தான் காயப்போடுகிறேன்.

“தூக்கிப் போட்டுத் தொலையேன்” என்கிறார் இவர்.

எப்படிப் போடுவது? எங்கேயும் கிழியக்கூட இல்லையே.