சம்பளம் வாங்கும் பின்னல்

அந்த அழகு நிலையத்தில் முடி வெட்ட ஒருத்தி, முகத்துக்குப் பூசிவிட ஒருத்தி. மூன்றாமவளுக்கு உட்கார்ந்திருப்பதுதான் முக்கால்வாசி வேலை. வாசல் கண்ணாடியை ஒட்டிய நாற்காலியில், தெருவுக்கு முதுகைக் காட்டி, தன் நீளப் பின்னலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். பக்கத்து அலமாரியில் கடையின் சொந்தத் தயாரிப்பு எண்ணெய். வருகிறவர்கள் பின்னலைப் பார்ப்பார்கள், புட்டியைப் பார்ப்பார்கள், பர்ஸைத் திறப்பார்கள். பின்னலக்கா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்த எண்ணெயை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை, வாடை ஆகாது.

வீட்டிலும் மரியாதை பின்னலுக்குத்தான். கல்யாணம் பேச வந்த அன்று மாமியார் அதை இழுத்துப் பார்த்து, சொந்த முடிதான் என்று உறுதியான பிறகே உட்கார்ந்தாராம். மகனுக்கு அப்போதே முன் வழுக்கை. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆம்பளைக்கு என்ன, அது கணக்கிலேயே வராது.

மழைக்காலத்தில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. எழுந்தபோது முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. முதலாளியம்மா ஒரு வாரம் பார்த்தார்.

"தப்பா நெனைக்காத. எலிவால வச்சுக்கிட்டு நீ உக்காந்தா எண்ணெய யாரு வாங்குவா? சீக்கிரம் ஏதாவது பண்ணு. இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

கணவனுக்கு வேலை போயிருந்த சமயம் அது. இந்த நாற்காலியும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கடைச் சவுரி வாங்கி வைத்துப் பார்த்தாள். அது கன்னங்கரேலென்று இருந்தது. இவளுடையது செம்பட்டை கலந்தது. நாள் முழுக்க முடியிலேயே புழங்குகிறவர்கள் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? "ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்குக்கா" என்று முடி வெட்டுபவள் முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டாள்.

அதே செம்பட்டை இன்னொரு தலையில்தான் இருந்தது.

கணவன் வெளியே போனதும் ஒன்பது வயது மகளை முன்னால் உட்கார வைத்தாள். "பேன் பெருகிடுச்சு கண்ணு. வெட்டிடலாம்."

"அரிக்கவே இல்லையேம்மா."

"சிலது அரிக்காது."

வேர்ப்பக்கமும் நுனியும் மாறிப்போனால் வெட்டிய முடி சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் மேலே ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"பொட்டப் புள்ளைய இப்படியா மொட்டையடிச்சு வைப்ப?" என்று கணவன் குதித்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மகளைத் தம்பி என்று கூப்பிட்டார்கள். அவள் தெருவில் விளையாடப் போவதை நிறுத்திவிட்டாள். பின்னலக்காவின் பின்னல் மட்டும் பழையபடி தடித்துவிட்டது. முதலாளியம்மா எதுவும் கேட்கவில்லை.

ஒரு நாள் பள்ளி சீக்கிரம் விட்டு மகள் கடைக்கு வந்தாள். அம்மாவின் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைந்து நின்று பின்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைக் கையில் எடுத்து, கீழ்ப்பாதியை விரலால் தடவினாள். தன் முடி தனக்குத் தெரியாதா? பின்னலக்காவுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

எண்ணெய் வாங்க வந்த அம்மாள் ஒருவர் சந்தேகப்பட்டார். "இப்பல்லாம் ஒட்டுமுடி வச்சு ஏமாத்துறாங்க. நீ சொல்லு பாப்பா, இது அம்மாவோட முடிதானா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள், முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா முடிதான் ஆன்ட்டி. நான்தான் தெனமும் பின்னிவிடுவேன்."

மகள் அழுது ஊரைக் கூட்டியிருந்தால்கூடப் பின்னலக்கா தாங்கியிருப்பாள். இந்தப் பொய்யை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? புட்டியை எடுக்க அம்மாதான் எழ வேண்டும். அதற்குள் மகளே எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

முதலாளியம்மா சிரித்துக்கொண்டே அந்த ஒட்ட வெட்டிய தலையைத் தடவினார். "கெட்டிக்காரி. முடிய மட்டும் வளத்துக்கோ. அம்மாவுக்கப்புறம் நீதான் இங்க உக்காரணும்."

மகள் சரியென்று தலையாட்டினாள்.