பன்னிரண்டு வாளித் தண்ணீர்

எனக்குக் குழப்பம் வந்தால் கூடவே கோபமும் வரும். அந்த வருஷம் மழை விட்ட பிறகு வீட்டிலும் வேலையிலும் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்ததற்குக் காரணம் ஒரு குழாய்.

பம்பாய் செம்பூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் எனக்கு வேலை. முலுண்டைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரி இருக்கிறது. பாறைக்கு வைக்கும் வெடிமருந்திலிருந்து நைட்ரேட் என்கிற உப்பு மழையோடு பூமிக்குள் இறங்கும். நிறம் கிடையாது, ருசி கிடையாது. பால்குடிக் குழந்தைகளுக்கு அது ஆகவே ஆகாது; உடம்பு நீலம் பாய்ந்துவிடும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்காகக் குவாரிக்குக் கீழே உள்ள குடியிருப்பில் ஒரு குழாயை ஆழமாக இறக்கிப் பூட்டியிருந்தார்கள். மாதம் ஒரு தடவை மாட்டுங்காவில் ரயிலேறிப் போய் அதிலிருந்து தண்ணீர் எடுத்து வருவேன்.

சாவி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருந்தது. தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரி. புருஷன் குவாரியில் மெஷின் ஓட்டுகிறான். இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை.

குழாயில் தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு, புதிதாக ஊறி வருவதைத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். அது பன்னிரண்டு வாளி வரும். டேங்கர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற இடத்தில் நான் வாளி வாளியாகக் கொட்டுவதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏக்கா, இம்புட்டுத் தண்ணியையும் சாக்கடையில கொட்டுதீயளே! அடுத்த தடவ நீங்க வாரதுக்குள்ள நானே இறைச்சு வச்சிருதேன். பாத்திரம் கழுவவாவது ஆவும்லா?"

வேறு ஆளிடம் அந்த வேலையை விடக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முட்டி வலி. சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் தலைகீழ். அதுவரை மெல்ல ஏறிக்கொண்டிருந்த நைட்ரேட் சட்டென்று இறங்கியது. குவாரியிலோ வெடி அதிகமாகியிருந்தது. அவள் வீட்டு அலமாரித் தட்டுகள் கிடுகிடுவென்று ஆடுவதை நானே பார்த்தேன். பாட்டில்களைத் திரும்பக் கழுவினேன். மெஷின் மேல் சந்தேகப்பட்டேன். ராத்திரிச் சமையலில் உப்புப் போட மறந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் கேட்டாள். "ரிப்போர்ட் எப்படிக்கா இருக்கு? எனக்குப் பால் பத்தல, பவுடர்தான் குடுக்கேன். இந்த அடிபம்புத் தண்ணியில கலக்கலாமா? பிள்ளையத் தூக்கிட்டு டேங்கர் லைன்ல நிக்க முடியல."

அடிபம்பு அந்தக் குழாயிலிருந்து பத்தடி தள்ளி இருந்தது. ஆனால் எங்களுக்குக் கொடுத்த வேலையில் அது சேரவில்லை. அதை நான் சோதித்ததே இல்லை.

"எல்லாம் நன்னாயிருக்கு. தாராளமா கலக்கு," என்றேன். உள்ளுக்குள் நெருடாமல் இல்லை. எனக்கே புரியவில்லை என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் லேபில் வேறு எதற்கோ எடுத்து வைத்த, குளோரின் இருந்தால் மஞ்சளாக்கிக் காட்டும் மருந்தை, சும்மா இருக்கட்டுமே என்று அந்தக் குழாய்த் தண்ணீரிலும் ஒரு சொட்டு விட்டேன். மஞ்சளாக மாறியது. பூமிக்கடியில் ஊறுகிற தண்ணீரில் கார்ப்பரேஷன் கலக்கும் குளோரின் எப்படி வரும்? முதல் தடவையாகக் கோபம் போய்ப் பயம் வந்தது.

அடுத்த முறை சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி முன்னாலேயே போய் நின்றேன். அவள் குழாய் வாயில் புனலை வைத்து, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே நீ?"

"பூராத்தையும் இறைச்சிட்டேன்லாக்கா. தண்ணிக்கின்னு வாரவங்களுக்கு வெறுங்குழாயைக் காட்டலாமா? வெறுங்குடத்தோட யாராவது எதிர வந்தாலே நாம திரும்பிப் போயிருவோம். அதான் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியா, ரெண்டு குடம் டேங்கர் தண்ணி ஊத்தி வைக்கேன்."

இத்தனை மாதமாக நான் பாட்டிலில் பிடித்துப் போய் நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தது டேங்கர் தண்ணீரை. அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது? பையிலிருந்து சோதனைப் பட்டையை எடுத்து அடிபம்புத் தண்ணீரில் நனைத்தேன். ஒரு நிமிஷத்தில் அது அடர்ந்த ரோஜா நிறமாகிவிட்டது. நைட்ரேட் அதிகமாக இருந்தால்தான் அப்படி ஆகும்.

குழந்தையின் உதட்டைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். நீலம் பாய்ந்திருக்கிறதா, நிழலா என்று தெரியவில்லை.

"இந்தத் தண்ணியக் குழந்தைக்குக் குடுக்காதே. கிளம்பு, ஆஸ்பத்திரியில காமிச்சுடலாம்."

"நீங்க சொன்னதாலதானக்கா குடுத்தேன்," என்றாள். குரலில் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குழந்தை பசியில் வீறிட்டது. அவள் உள்ளே போய்க் குடங்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. வீட்டிலிருந்த டேங்கர் தண்ணீர் இரண்டு குடத்தையும் எனக்காகக் குழாயில் ஊற்றியிருந்தாள். டேங்கர் இனி நாளைக்குத்தான்.

என் பையில் வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டு வந்த தண்ணீர் அரை பாட்டில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி, மூடியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது நல்ல தண்ணிதானாக்கா?"

நானே கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். ஆனாலும் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.