குழிக்குள் கிடந்த சிவப்புப் பந்து

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. அதற்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, எனக்குக் கோயம்புத்தூரில் நேர்முகத் தேர்வு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்துக் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒன்றரை வருடம் ஆகியும் வேலை அமையவில்லை. தெருவில் யாராவது "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கேட்டால், அண்ணன் "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். அந்த 'ஏதோ' எனக்கு முள் மாதிரி குத்தும்.

அந்த 'ஏதோ' என்னவென்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால் ஜப்பானில் ஒரு கேம் பெட்டி வந்தது. கண்ணை வைத்து உள்ளே பார்க்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக இரண்டு குட்டித் திரை. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்றே விலகிய இன்னொரு படம். இரண்டையும் மூளை ஒன்றாகச் சேர்க்கும்போது, கிட்டே இருப்பது கிட்டேயும் தூரத்தில் இருப்பது தூரத்திலும் நிஜம் போலத் தெரியும். நிறம் மட்டும் கறுப்பும் சிவப்பும்தான். அந்தப் பெட்டி அப்போது விலை போகவில்லை. ஆனால் இன்றைக்கும் அதற்கென்று கேம் எழுதி இலவசமாக வெளியிடும் ஆர்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய பெட்டி போலவே இன்றைய கருவியை நடக்க வைக்கும் மென்பொருளை எமுலேட்டர் என்பார்கள். அப்படி ஒன்றை எடுத்து, இன்றைய வி.ஆர். (மெய்நிகர்) கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்தக் கேம்களை ஆடுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தேன். கருவி என்னுடையது இல்லை. திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கும் என் கல்லூரி நண்பனிடம் கெஞ்சி வாங்கி வந்தது.

கோயம்புத்தூர்க் கம்பெனி சின்னதுதான். ஆலைகளில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வி.ஆரில் பயிற்சி தயாரித்துக் கொடுப்பவர்கள். "சர்ட்டிபிகேட்டெல்லாம் அப்புறம் பாக்கலாம், நீங்களே செஞ்ச ஒண்ணைக் கொண்டுவந்து காட்டுங்க" என்று போனில் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. காட்ட என்னிடம் ஒன்று இருந்ததே.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் மூன்று பேரிடம் மாட்டிப் பார்த்தபோது, மூன்று பேரும் தலை சுற்றுகிறது என்றார்கள். ஒருத்தன் பாதியிலேயே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு சோடா குடிக்கப் போய்விட்டான். "மொதத் தடவ அப்படித்தான்டா, பழக்கமில்லைல்ல" என்று நானே ஆறுதல் சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் நாலு நாளாகத் தலைவலிதான். சரியாகத் தூங்காததுதான் காரணம் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலையில் மதினி (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலை. துணியில் குறித்த இடத்தைக் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிக் கட்டுவார். சாயத்தில் முக்கியெடுத்து முடிச்சை அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. எட்டாவதோடு நின்றவர். வாய் மட்டும் வக்கீலுக்குப் படித்த மாதிரி.

"ஏன் தம்பி, ஊர்ல உள்ளவன் தலைக்கெல்லாம் மாட்டிவிடுறீங்க. எங்க தலைக்குப் பத்தாதாக்கும்?"

"உங்களுக்குத் தல சுத்தும் மதினி."

"உங்க அண்ணனக் கட்டிக்கிட்டு அஞ்சு வருசமாச்சு. இனிமே புதுசா என்ன சுத்தப்போகுது, குடுங்க."

கொண்டையில் இருந்த மல்லிகை நசுங்காமல் பட்டையை இறக்கி மாட்டிவிட்டேன். பந்தை மட்டையால் தட்டுகிற ஒரு எளிய கேம். பின்னால் வானம், நிறைய நட்சத்திரம். தூரத்திலிருந்து பந்து நம்மை நோக்கி வரும், கையில் இருக்கும் பட்டனை அழுத்தி அடிக்க வேண்டும்.

"அட, கறுப்புச் சேலையில செவப்புப் புள்ளி" என்று சிரித்தார். பிறகு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பந்தை அவர் அடிக்கவே இல்லை.

"தம்பி, இது மறுபக்கமால்ல இருக்கு?"

புரியாமல் கேட்கிறார் என்று நினைத்து, ஆழம் என்றால் என்ன, இரண்டு கண்ணும் எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். முழுசும் கேட்டார். "இல்ல தம்பி, பந்து கிட்ட வரவரப் பெருசாத்தான் ஆகுது. ஆனா பள்ளத்துக்குள்ளல்ல போகுது" என்றார்.

"உங்களுக்குப் பழக்கமில்ல மதினி. அதான் அப்படித் தெரியுது."

கருவியைக் கழற்றி மடியில் வைத்தார். "சரிங்க தம்பி, படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்." குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில், முடிச்சுப் போட்டு முடித்திருந்த துணியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். "இந்தா பாருங்க, இந்தப் பக்கம் முடிச்சு மேல நிக்குதா?" துணியைத் திருப்பினார். "இந்தப் பக்கம் அதே எடம் குழியா இருக்கா? உங்க பெட்டியில நான் பாத்தது இந்தப் பக்கத்த. பந்து குழிக்குள்ள கெடக்கு, நட்சத்திரம் பூராம் என் மூக்குல இடிக்குது. சரி, அப்படியே வச்சுக்குவோம். பின்னால கெடக்குற பந்து முன்னால நிக்கிற நட்சத்திரத்த எப்படி மறைக்குது? அத மட்டும் சொல்லுங்க."

துணியை வாங்கி நானே ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

லேப்டாப்பைத் திறந்து, படத்தைக் கருவிக்கு அனுப்புகிற பகுதியைத் தேடினேன். போன வாரம் அதைத் திருத்தி எழுதியிருந்தேன். இடது கண்ணுக்குப் பூஜ்யம், வலது கண்ணுக்கு ஒன்று என்று எண் இருக்க வேண்டியது, நேர் மாறாக இருந்தது. இடது கண்ணின் படம் வலது கண்ணுக்கும், வலது கண்ணின் படம் இடது கண்ணுக்கும் போய்க்கொண்டிருந்தது. கிட்டே இருப்பது தூரமாகவும், தூரத்தில் இருப்பது கிட்டேயும் தெரியாமல் என்ன செய்யும்? நாலு நாளாக அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. இதோடு வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போய், அவர்கள் தலை சுற்றுகிறது என்று சொன்னால், உங்களுக்குப் பழக்கமில்லை என்று அவர்களிடமும் சொல்லியிருப்பேன்.

இரண்டு எண்களை மாற்றினேன். மறுபடி மதினி தலையில் மாட்டிவிட்டேன்.

முதல் பந்துக்கே பின்னால் சாய்ந்தார். இரண்டாவது பந்துக்கு, கையில் இருந்த பட்டனை மறந்துவிட்டு வெறுங்கையை வீசினார். நூல்கண்டு சுவர்வரை உருண்டது. பிறகு பிடி கிடைத்துவிட்டது. "வா, வா, இப்ப வா" என்று பந்தோடு பேசிக்கொண்டே அடித்தார். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏலே, இவளுக்கு என்னாச்சு?"

"பதினேழு ஆச்சு. பேசாதீங்க, கவனம் செதறுது" என்றார் மதினி, திரும்பாமலே.

அன்று வீட்டில் சோறு ஆறிப்போனது. மதினிக்குப் பிறகு அண்ணன் மாட்டிக்கொண்டார். மதினி எண்ணிக்கையை அவரால் எட்டவே முடியவில்லை. "பந்து கோணலா வருதுடா" என்று என்னைக் குறை சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, எதிர் வீட்டில் தறி ஓட்டுகிற மாமா என்று சாயங்காலம்வரை ஆள் மாற்றி ஆள் ஆடினார்கள். யாருக்கும் தலை சுற்றவில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வில் ஒரு மேடம் கருவியை மாட்டிக்கொண்டு ஆடினார். சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டுக் கேட்டார்: "இடது வலது மாறிப்போற தப்பை நிறையப் பேர் பண்ணுவாங்க. நீங்க எப்படிச் சரிபார்த்தீங்க?"

நானே பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மதினி துணியைத் திருப்பிக் காட்டியது கண்ணுக்குள் நின்றது. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அவங்க சொன்ன உடனே நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களுக்குப் பழக்கமில்லன்னு சொன்னேன் மேடம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

திங்கட்கிழமை வேலை உறுதி என்று போன் வந்தது. மதினியிடம்தான் முதலில் சொன்னேன். சந்தோஷத்தில் அவர் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப சொந்தமா ஒரு பெட்டி வாங்கிருவீங்கள்ல?" என்றார். முதல் வேலையாக அதைத்தான் வாங்கினேன்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். எதையும் விளக்கிச் சொல்கிற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு மதினி "சரிங்க தம்பி" என்பதோடு விட்டிருந்தால் நான் எங்கே நின்றிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறபோதெல்லாம், எதிரில் இருப்பவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறவரை என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.