ஒரே படத்துக்காக ராயப்பன்பட்டிக்கு இரண்டு தடவை

இந்தப் பயணம் போனதற்குக் காரணம் மலையழகும் இல்லை, மன அமைதியும் இல்லை. சுவரில் என் படம் ஒன்று தொங்க வேண்டும், அவ்வளவுதான். மதுரையில் எங்கள் புகைப்படக் குழு வருடத்துக்கு ஒரு முறை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைக்கும். இருபது படங்களுக்குத்தான் இடம். இரண்டு வருடமாக என் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. ஏன் என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு, இடம் பத்தல" என்பார்கள். நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகப் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கே தப்பு என்று சொல்லாமல் சோதனையை மறுபடி செய்யச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இந்த வருடமும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் பொங்கலுக்கு மறுவாரம், சனி ஞாயிறு இரண்டு நாளும் குழுவோடு கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிளம்பினேன். ஞாயிறு மாலை 6 மணிக்குள் படத்தைப் பிரிண்ட் கடைக்கு அனுப்பியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை 5.10-க்கு ஆரப்பாளையத்தில் தேனி பேருந்து. 76 கிலோமீட்டர், டிக்கெட் 70 ரூபாய். ஆறு பேர் ஐந்து மணிக்கே வந்து நின்றோம். குழுத் தலைவர் பாஸ்கர் சார் 5.09-க்கு மூன்று பைகளோடு வந்து, "கரெக்ட் டைம்" என்றார். அவர் பல் மருத்துவர். யார் வாயைத் திறந்தாலும் முதலில் சொத்தையைத் தேடுகிற பழக்கம் படத்திலும் போகாது. 7.20-க்குத் தேனி. பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி, வடை, காபி 65 ரூபாய். அங்கிருந்து கம்பம் பேருந்தில் சின்னமனூர் வழியாக உத்தமபாளையம், 32 கிலோமீட்டர். பிறகு இரண்டு ஆட்டோ பிடித்து ராயப்பன்பட்டி. ஆட்டோவுக்கு 250 கேட்டார்கள், 200-க்கு முடிந்தது.

திராட்சைத் தோட்டம் பார்க்க இந்தப் பக்கம் வருவது நல்ல யோசனைதான். பந்தலுக்குக் கீழே குனிந்து நுழைந்தால் தலைக்கு மேலே பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கும். பத்தேகால் மணிக்கு ஒரு தோட்டத்தில் கணவனும் மனைவியும் வேலையில் இருந்தார்கள். ஆரோக்கியம், லூர்துமேரி. அனுமதி கேட்டோம், "எடுத்துக்கங்க" என்றார்கள். நான் நல்ல கோணம் தேடிப் பின்னாலேயே நகர்ந்து, ஈர மண்ணில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கேமராவை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தேன். அப்படியே அழுத்தினேன்.

அதுதான் அந்தப் படம். லூர்துமேரி அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறார். கையில் ஒரு கொத்து, பழங்கள் மேல் வெள்ளையாகப் பூத்த ஒரு மெல்லிய படலம், அதன் மேல் இலை இடுக்கில் இறங்கிய வெயில். பத்து வருடத்தில் எனக்கு இப்படி ஒன்று அமைந்ததில்லை. "மகன் மஸ்கட்ல இருக்கான், அனுப்பி வைங்க தங்கச்சி" என்று அக்கா நம்பர் கொடுத்தார். படத்துக்கு 'அறுவடையின் மகிழ்ச்சி' என்று ஆட்டோவிலேயே தலைப்பும் வைத்துவிட்டேன்.

கம்பத்தில் லாட்ஜ், இருவர் அறை 900 ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். மாலை 6.30-க்குப் பாஸ்கர் சார் அறையில் விமர்சனக் கூட்டம். எங்கள் குழுவின் விதி இது: ஒரு படத்தைப் பற்றி முதலில் ஒரு நல்லது, அடுத்து ஒரு குறை, முடிவில் இன்னொரு நல்லது சொல்ல வேண்டும். யார் மனமும் நோகக் கூடாதாம். நடைமுறையில் இரண்டு நல்லதும் 'அருமை', 'சூப்பர்' என்று ஆகிவிடும், குறை சொல்கிற பொறுப்பு பாஸ்கர் சாருடையது. அவர் வாயால் சொல்ல மாட்டார். படத்தைத் தன் போனுக்கு வாங்கி, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். வட்டம் வாங்குவதற்காகவே படம் எடுக்கிறோமோ என்று சில சமயம் தோன்றும்.

என் படத்துக்கு நான்கு வட்டங்கள். பின்னால் இருந்த நீல டிரம்முக்கு ஒன்று. அக்கா தலையில் கட்டியிருந்த துண்டின் கிழிசலுக்கு ஒன்று. மருந்தடிக்கும் இயந்திரத்தின் குழாய்க்கு ஒன்று. ஓரத்தில் பாதி முகமும் ஒரு கையுமாக நின்ற ஆரோக்கியம் அண்ணனுக்குப் பெரிய வட்டம், பக்கத்தில் 'வெட்டவும்' என்று எழுத்து. "ஆனா காலைப் பனி பூத்த பழம் இருக்கு பாருங்க, அதுதான் படத்தோட உயிர். இந்த வருஷம் உங்களுது உறுதி" என்றார். மற்ற ஐந்து பேரும் பனியைப் பற்றியே பேசினார்கள். பத்தேகால் மணி வெயிலில் ஏது பனி என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆய்வகத்தில் குப்பை கொட்டுகிற எனக்கும் தோன்றவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது. நான் சந்தோஷத்தில் இருந்தேன். சார் போன மாதம் எடுத்த தன் சூரியோதயப் படத்தைக் காட்டியபோது, அதில் அடிவானம் ஒரு பக்கம் இறங்கிக் கிடப்பது பளிச்சென்று தெரிந்தும், "அருமை சார்" என்றேன். தேர்வு அவர் கையில் அல்லவா இருக்கிறது.

ஞாயிறு காலை 5.40-க்கு ஜீப். நாள் வாடகை 2,800, ஓட்டுநர் ஈஸ்வரன், கூடலூர்க்காரர். கேரள எல்லையில் குமுளிப் பக்கம் சவாரி ஓட்டி ஓட்டி எல்லாப் பெண்களையும் 'சேச்சி' என்றே கூப்பிடுகிறவர். தூக்கக் கலக்கத்தில் ஜீப்பில் உட்கார்ந்தே அக்காவுக்குப் படத்தை அனுப்பினேன். கூடலூர் 9 கிலோமீட்டர். மலை மேல் வெளிச்சம் இறங்குவதை இரண்டு மணி நேரம் எடுத்துவிட்டு, 9.10-க்கு டீக்கடையில் நிற்கும்போது போன் அடித்தது.

"தங்கச்சி, லூர்துமேரி பேசுறேன், ராயப்பன்பட்டி. அப்பாவ யாரு வெட்டச் சொன்னாகன்னு மகன் மஸ்கட்ல இருந்து கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல?"

போனைத் திறந்து பார்த்தேன். போயிருந்தது வட்டம் போட்ட படம். பக்கத்துப் பக்கத்தில் இருந்ததில் விரல் மாறிவிட்டது. அக்காவும் திறந்து பார்க்காமல் மகனுக்கும் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறார். குழுவிடம் போனைக் காட்டினேன். "போன்ல ஒரு சாரி சொல்லுங்க, போதும்" என்றார் பாஸ்கர் சார், டீயை ஆற்றிக்கொண்டே. 'வெட்டவும்' என்று எழுதியவர் அவர், சாரி சொல்ல வேண்டியது நான். முகம் தெரிகிற படத்தைக் கண்காட்சியில் வைக்க அவர்கள் கையெழுத்தும் வேண்டும். அந்தத் தாளை முந்தின நாள் நீட்ட மறந்திருந்தேன்.

"திரும்பணும்னா இப்பவே சொல்லுங்க சேச்சி. இன்னைக்கு முகூர்த்தம், பத்து மணிக்கு மேல கம்பத்துல ரோடு அடைச்சிரும்" என்றார் ஈஸ்வரன். மற்றவர்கள் கூடலூரிலேயே தங்கிவிட்டார்கள். நான் மட்டும் கூடுதலாக 600 ரூபாய் பேசி, 22 கிலோமீட்டர் திரும்பி வந்தேன்.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். காபியும் வந்தது. அது இன்னும் சங்கடமாக இருந்தது. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்த சேலையிலேயே அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வட்டமாக விசாரித்தார்.

"இந்த டிரம்மு என்ன பண்ணுச்சு?"

"கண்ண அங்க இழுக்குதாம்க்கா."

"மருந்து கலக்குற டிரம்மு. அது இல்லாமத் தோட்டம் ஏது? சரி, துண்டுக்கு?"

"கிழிஞ்சிருக்குன்னு..."

"தோட்டத்துக்குப் பட்டுத் துண்டா கட்டிட்டு வருவாக? சுத்திச் சுத்தி வட்டம் போட்டிருக்கீக. போட வேண்டியதுக்குப் போடலயே." விரலைக் கொத்தின் மேல் வைத்தார். "இது என்னன்னு தெரியுமா?"

"பனி..." என்றேன்.

ஆரோக்கியம் அண்ணன் சிரித்தேவிட்டார். "பனியா! சாம்பல் நோயிம்மா. அங்கன ரெண்டு வரிசைல விழுந்துருச்சு. நேத்து நாங்க பழம் வெட்டல, நோய் விழுந்த குலையக் கழிச்சுக்கிட்டு இருந்தோம்."

"அப்புறம் ஏங்க்கா அப்படிச் சிரிச்சீங்க?"

"நீங்க பொத்துன்னு சேத்துல விழுந்தீக. பிறகு சிரிக்க மாட்டமா?"

அறுவடையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. மாதக்கணக்கில் பட்ட உழைப்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தவர்களை எடுத்துவிட்டு, அதற்குத் தலைப்பு வேறு வைத்திருக்கிறேன். இருந்தும் கையெழுத்துத் தாளை எடுத்து நீட்டினேன். எனக்கு அவ்வளவு ஆசை. அக்கா அதைத் தொடவே இல்லை.

"எங்க தோட்டத்து நோயக் கொண்டுபோய் மதுரையில தொங்கவிடுவீகளா? வேணாம் தங்கச்சி. இப்ப ஒழுங்கா ஒண்ணு எடுங்க, மகனுக்கு அனுப்பணும்."

அண்ணன் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். இருவரும் வாசற்படியில் விறைப்பாக, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சிரிக்கச் சொன்னால், "எதுக்கு?" என்றார் அக்கா. ஆறு படம் எடுத்து, ஒன்றைத் தேர்ந்து, மூன்று தடவை சரிபார்த்து அனுப்பினேன்.

தேனியில் எல்லோரும் மறுபடி சேர்ந்து, மாலை 4.20-க்கு மதுரைப் பேருந்து. பாஸ்கர் சார் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்து இல்லை, அது பனி இல்லை, நோய் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மதுரையில யாருக்கு இது தெரியப் போகுது? நூத்துல ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்க மாட்டாங்க. கையெழுத்த நான் பாத்துக்கிறேன், அனுப்பிடுங்க" என்றார். பொய் சொல்ல மாட்டேன், உசிலம்பட்டி வரும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்பு என்ற பொத்தானைப் பார்த்தபடிதான் இருந்தேன். மூன்றாவது வருடமும் அந்தக் கூடத்தில் அடுத்தவர் படங்களுக்குக் கீழே நின்று சமோசா தின்ன வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் விரல் பொத்தான் பக்கம் போனது.

5.35-க்குப் படத்தை அழித்தேன். அழித்த வேகத்திலேயே, "சார், உங்க சூரியோதயம் சாஞ்சிருக்கு. நேத்தே தெரிஞ்சுது, சொல்லல" என்றேன். முதலில் நல்லது ஒன்று சொல்ல வேண்டும் என்ற விதி அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் படத்தை எடுத்துப் பார்த்தார், போனைச் சாய்த்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்ட்ட ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டார். இரண்டு வருடமாக நான் கேட்ட கேள்வி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டிக்கு டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் நேரம் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். காலை எட்டு மணிக்குள் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். அடிப்பாகம் வழுக்காத செருப்பு கட்டாயம். ஜீப் வேண்டுமென்றால் முந்தின நாளே கூடலூரில் பேசுங்கள். எடுக்கலாமா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், என்ன வேலை நடக்கிறது என்றும் கேளுங்கள். அனுப்பும் முன் படத்தைத் திறந்து பாருங்கள். எனக்கு மொத்தச் செலவு 2,140 ரூபாய்.

கண்காட்சி நடந்தது. சாரின் சூரியோதயம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது, என் படம் இல்லை. சமோசா தின்றுகொண்டிருக்கும்போதே லூர்துமேரி அக்கா கூப்பிட்டார். "தங்கச்சி, வாசப்படியில நின்னு எடுத்தது. எல்லாரும் நல்லா இருக்குங்குறாக, எனக்கு என்னமோ கழுத்து கோணலா இருக்கு. நீங்க சொல்லிருக்கலாம்ல?" என்றார். அங்கேயே போனைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கோணல்தான்.